ஒரு தரம் தலையாட்டியதற்கு

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் எழுந்து நடமாடி, வேளைக்கு ஏதோ சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி அண்டாமல், கிடைத்த நேரத்தில் நன்றாகத் தூங்கி எழுந்து இருக்க வேண்டும் என்று தினமும் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். போன மாதம் எழுதிய இருமல் சுத்தமாக நின்றுவிட்டது, அதை நினைத்துக் கவலைப்படாதே. உன் கடிதம் போன திங்கட்கிழமை நிவாரணக்காரர்களின் தபால் பையில் வந்து சேர்ந்தது. பதிலை அம்மா போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனுக்கு ஐந்தே நிமிடம், முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர், அதில் பாதிப் பேர் நேரமாச்சு நேரமாச்சு என்று வாயாலேயே மணி பார்க்கிறவர்கள். நான் சொல்லப்போவது ஐந்து நிமிடத்தில் அடங்காது, அத்தனை காதுகளுக்கு முன்னால் சொல்லவும் முடியாது. என் கண்ணாடி வரும் வழியில் உடைந்தது உனக்குத் தெரியும். சென்ற வாரம் கண் டாக்டர்கள் வந்து, எங்கெங்கோ யார் யாரோ போட்டுக் கழித்த கண்ணாடிகளை ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கொட்டி, பொருந்துவதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல எல்லாரும் பொறுக்கினோம். எனக்கு வாய்த்ததைப் போட்டால் கூடத்தின் அந்தக் கோடியில் யார் சோம்பல் முறிக்கிறார்கள் என்பது வரை தெரிகிறது, கையில் பிடித்த காகிதத்தில் மட்டும் எழுத்து எறும்பாக ஊர்கிறது. அதனால் இதையும் வழக்கம்போல வாத்தியாரம்மாதான் எழுதுகிறாள்.

வாத்தியாரம்மா என்றால் யாரோ பெரிய மனுஷி என்று எண்ணிவிடாதே. பதிமூன்று வயது. இந்த முகாம் கிடங்கில் கம்பளியும் பலகையும் வைத்துத் தடுத்த எண்பது அறைகளில் இவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் யார் என்ன பேசினாலும் திருத்துவாள். நான் வந்துச்சு என்று சொன்னால் வந்தது என்று எழுதுவாள். ஏனடி என்றால், பேசறது வேற, கடிதம் வேற அத்தை, உங்க பையன் உங்களைப் படிக்காதவங்கன்னு நினைச்சுடக் கூடாது இல்லையா என்பாள். உன்னைப் பெற்றவள் படித்தவளா இல்லையா என்பது உனக்குத் தெரியாதா, அது வேறு கதை. அறிவிப்புப் பலகையில் எதை ஒட்டினாலும், கொசு மருந்து அடிக்கும் நேரத்தைக்கூட, முதல் வரியிலிருந்து அச்சிட்டவன் பெயர் வரை நின்று படித்துவிட்டு வருவாள். நீ உன் கடிதத்தில் அந்தப் பெண் என்று எழுதியிருக்கிறாயே, அவள்தான் இவள். நீ அப்படி எழுதியது இவளுக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கு இவளை எதிரில் உட்காரவைத்து, நான் சொல்வதில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் திருத்திக்கொள், எதையும் விட்டுவிடாதே என்று சொல்லி எழுதவைக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதத்தை இவள்தான் படித்துக் காட்டினாள். தண்ணீர் ஓடுவது போலப் படிக்கிறவள் மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றாள், எச்சில் விழுங்கினாள், அப்புறம் உன் ஹோட்டல் சலவைக்கூடத்தில் புது மெஷின் வந்த சேதிக்குப் போய்விட்டாள். தொண்டை வறண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை நான் குழாயடியில் கம்பளி துவைத்துக்கொண்டிருக்கிறேன், ஒலிபெருக்கியில் அறுபத்திரண்டாம் எண் அறைக்காரர்கள் உடனே ஆபீசுக்கு வரவும் என்கிறார்கள். அது நம் எண். இங்கே எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் நல்லதற்காக இருந்ததில்லை. பக்கத்து அறைத் தையல்காரி ஓடிவந்து, அக்கா, உங்க வாத்தியாரம்மா ஆபீஸ் கதவு திறக்கும்போதே முதல் ஆளா போய் நின்னுச்சாம், நீங்க என்னடான்னா இங்க கம்பளியைப் போட்டு அடிச்சுக்கிட்டு இருக்கீங்க என்றாள். நான் கை கழுவக்கூட இல்லை. போய்ப் பார்த்தால், எப்போதும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்கும் அந்த எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இவள் மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நிற்பது போலக் கை கட்டி நிற்கிறாள். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். என்னம்மா இது, உங்க பொண்ணு வந்து, என் பேரை இந்தக் குடும்பக் கார்டுலேர்ந்து எடுத்துடுங்க சார், என் அப்பா பேரு வேறங்குது. சரி, உங்கம்மா எங்கம்மான்னு கேட்டா, அதைத்தான் சார் நானும் கேக்கிறேங்குது. நான் எதைன்னு எழுதறது? இப்படிக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். சோப்பு நுரை நெற்றியில் தெறித்தது. இவள் துடைக்கவும் இல்லை, நகரவும் இல்லை. அப்படியே நின்று, நீ மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். ஒரே தரம் படித்ததுதான்.

திரும்பி வந்து தையல்காரியை விட்டு அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டு, உன் அம்மாவின் கோப்பில் ஒரு மகள் இருக்கிறாள், நீ ஒரே பிள்ளை என்று சொல்லியிருக்கிறாய், இரண்டில் எது பொய் என்று கேட்டார்களாமே. மூன்று வருடமாக யாரிடமும் ஒரு சொல் தப்பாக வாங்காத உன்னை நான் அங்கே தலை குனிய வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி உண்மையைச் சொல்லி எடுத்துவிடுங்கள், உங்கள் ஒருத்தருக்குத்தான் நான் இடம் கேட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் உங்களையும் இழந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். தையல்காரி, உங்க பையன் சட்டம் பேசுறானே அக்கா என்றாள். நான் அவளைப் பேசவிடவில்லை. நீ எழுதியதில் தப்பே இல்லை, ராசா. உனக்கு நான் எதையும் முழுசாகச் சொன்னதில்லை. துணைக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

இவளுடைய அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். ஊரை விட்டு வந்த மூன்று நாள் நடையில்தான் பழக்கம், என் குதிகால் வெடித்து ரத்தம் வந்தபோது தன் முந்தானையைக் கிழித்துக் கட்டியவள். எல்லைக்குப் போகும் லாரியில் நான் ஏறியதும், இனி ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். அவள் இவளைத் தூக்கி என் மடியில் போட்டு, கொஞ்ச நேரம் பிடிச்சுக்குங்க அக்கா, நான் பின்னாடி வண்டியில வந்துடறேன் என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் இப்போது பதினாலு மாதம் ஆகிறது. பின்னால் வண்டி வரவில்லை. எல்லையில் பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே துணை இல்லாத பிள்ளைகளை வேறு வரிசையில் நிறுத்தி ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது எங்கே போகிறது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. மேசையில் இருந்தவர் இவளைப் பார்த்து, உங்க பொண்ணா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரே ஒரு தரம் தலையாட்டினேன், அவ்வளவுதான். இவள் அம்மா வந்ததும் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் கார்டு வந்தது, பாய் வந்தது, பாலும் ரொட்டியும் இரண்டு பேருக்கு வந்தது, திருத்தப் போனால் இவளைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் நாளை நாளை என்று தள்ளிவிட்டேன். ஆபீசில் அம்மா என்று கூப்பிடு, கம்பளிக்குள் வந்தால் அத்தை என்று கூப்பிடு என்று சொல்லிவைத்தேன். பாவம், ஒரு நாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை.

எழுத்தர் எங்களை வக்கீலம்மாவிடம் அனுப்பினார். வாரத்தில் இரண்டு நாள் வந்து, பழைய எடைபோடும் அறையில் உட்கார்ந்து எங்கள் காகிதங்களைப் பார்த்துத் தருகிறவர். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பதினாலு மாசமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு கணினியைத் திருப்பிக் காட்டினார். காணாமல்போனவர்களைத் தேடுகிறவர்கள் பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும்தான் சொல்வார்களாம், இரண்டும் சேர்ந்து பொருந்தினால்தான் அது ஆளைக் காட்டுமாம். இவளுக்குத் தகப்பன் பெயர் என்ற இடத்தில் உன் அப்பாவின் பெயர் இருக்கிறது. அப்படியானால், அந்த மருந்துக்கடைக்காரி உயிரோடு ஏதோ ஒரு முகாமில் உட்கார்ந்து, தினம் ஒரு மேசைக்கு முன்னால் போய் என் மகள் இருக்கிறாளா என்று கேட்டிருந்தால், பதினாலு மாதமும் இல்லை இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இவளை இவள் அம்மாவிடமிருந்தே ஒளித்துவைத்திருக்கிறேன், கண்ணு. இதில் கொடுமை என்னவென்றால், இவளுக்கு இது ஆறு மாதமாகத் தெரியும். தேடுவது எப்படி என்று பலகையில் ஒட்டியிருந்ததைத்தான் முழுக்கப் படித்திருக்கிறாளே. ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னா நீங்க அழுவீங்கன்னு தெரியும், அதுக்கு மேல என்ன செய்வீங்கன்னு தெரியலை அத்தை என்கிறாள். இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுது என்று சொல்லியிருக்கிறேன், எழுதுகிறாள். இனி எதையும் விட்டுப் படிக்க மாட்டேன், விட்டு எழுத மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை எனக்கு விசாரணை. அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன். தேடும் பட்டியலில் இவள் பெயரை இவள் அப்பா பெயரோடு அன்றே ஏற்றித் தருவதாக வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. என் கோப்பு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. பொய் சொன்னவள் என்று என்னை அப்படியே தள்ளிவிடலாம். அல்லது என்னை உன்னிடம் அனுப்பிவிட்டு இவளைப் பிள்ளைகள் விடுதிக்குக் கொண்டுபோகலாம். இந்தக் கடைசிக்குத்தான் நான் பயப்படுகிறேன். இங்கே போன மாதம் ஒரு தச்சரின் தங்கை மகளை அப்படித்தான் அழைத்துக்கொண்டு போனார்கள், அவர் இன்னும் அந்த வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க ஒரே வழி, தாய் கிடைக்கும்வரை இவளை நான் பார்த்துக்கொள்ளவும், வந்தால் உன் வீட்டில் வைத்துக்கொள்ளவும் சம்மதம் என்று நீ கையெழுத்துப் போடுவதுதானாம். நீ போடாவிட்டால் வக்கீலம்மா மேற்கொண்டு பேசவே முடியாது. ஐந்து பேர் தங்கும் அறையில் நீ கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாய், உன்னிடம் போய் இதைக் கேட்கிறேன், எனக்குத் தெரியாமல் இல்லை. மாட்டேன் என்று எழுதினால் உன்மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் மாட்டேன் என்றால் பத்தாம் தேதிக்குள் தெரிய வேண்டும், இவளைத் தயார் செய்ய எனக்கு ஒரு நாளாவது வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ கடல் தாண்டி இறங்கியபோது காய்ச்சலில் நிற்க முடியாமல் இருந்தாய் என்றும், கப்பல் சமையல்காரர் ஒருவர் உன்னைத் தன் தம்பி என்று சொல்லி வரிசையில் முன்னால் கொண்டுபோய் மருந்து வாங்கித் தந்தார் என்றும் உன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அவரும் தலையாட்டியவர்தான்.

மற்றபடி, ஈரக் காலுறையோடு படுக்காதே. சலவைக்கூடத்துச் சூட்டிலிருந்து அப்படியே குளிருக்குள் ஓடாதே, ஐந்து நிமிடம் உட்கார்ந்து வேர்வை ஆறினபிறகு கிளம்பு. காகிதங்களை எல்லாம் ஒரே பையில் வைக்காதே, நகல் ஒன்றை வேறு யாரிடமாவது கொடுத்து வை. உன்னை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டால் இவளைத் தங்கை என்று சொல்லாதே, எனக்காக ஒரு பொய்யும் வேண்டாம். பார்த்ததில்லை, என் அம்மாவின் பொறுப்பில் இருக்கிறாள் என்று சொல், அது நிஜம். தையல்காரி உனக்கு ஒரு கையில்லாத உள்சட்டை தைத்து வைத்திருக்கிறாள், கோட்டுத் துணி வெட்டியதில் மிஞ்சியது, ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் சாம்பல், உள்ளே போடுவதை யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறாள்.

இதோடு அந்தப் படிவத்தை வைத்திருக்கிறேன். பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் இவளே அழகாக நிரப்பிவிட்டாள், இந்த முறை தன் அப்பா பெயரோடு. உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று இவள் கேட்டாள், வக்கீலம்மாவும் என்னைப் பார்த்தார். ஒரு தரம் நான் நிரப்பிப் பட்டது போதும் என்று காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ நிரப்பி அனுப்பு. மறந்துவிடாதே, பத்தாம் தேதிக்குள். உன் கையும் காலும் உன் நல்ல மனசும் நீ போகும் இடமெல்லாம் உனக்குத் துணை நிற்கட்டும், நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

பின்குறிப்பு: இது அத்தை சொல்லாமல் நானாக எழுதுவது. உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் மொட்டையாக எழுதுகிறேன், மன்னிக்கவும். அத்தைக்கு இருமல் நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். ஆனால் எதையும் விட மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும் என்கிறார், அத்தை வியாழக்கிழமை விசாரணைக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். கட்டத்தில் நீங்கள் எதை எழுதினாலும் சரி, அத்தையைப் படம் எடுக்கப் போகச் சொல்லித் தனியாக ஒரு வரி எழுதுங்கள். அதை நான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.