சாய்ந்த கடலும் அத்தையின் எண்ணெய்க் கிண்ணமும்

கவாலா
மே 8

அன்பு மகள் மிர்சினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முட்டிவலி கூட இந்த வாரம் பரவாயில்லை, நீயும் ரோட்டர்டாமில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விசாரிப்பு இத்தோடு போதும். நான் கடும் கோபத்தில் இருக்கிறேன், போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று மாலை அசிமீனா அத்தை வீட்டுக்குக் காபி குடிக்கப் போனேன். அவள் பெருமையாகச் சொல்கிறாள், இணையத்தில் அந்தப் புகைப்படக் குழுவில் எவனோ உன் படங்களைக் குறை சொல்லி எழுதினானாம், படித்ததும் உனக்குத் தலை பிளந்ததாம், உடனே அவளுக்குப் போன் செய்தாயாம், அவள் கிண்ணத்துத் தண்ணீரில் எண்ணெய் விட்டுப் போனிலேயே கண்ணேறு கழித்தாளாம். “எண்ணெ மிதக்காம அப்படியே கரைஞ்சு போச்சுடா தம்பி, கண்ணு பட்டா அப்படித்தான், எனக்குக் கொட்டாவி மேல கொட்டாவி, சந்தேகமே இல்ல, அந்த பல்கேரியாக்காரன் கண்ணுதான்” என்கிறாள். அவள் பேச்சைக் கேட்டு நீயும் அந்த மனிதரைப் பிளாக் செய்துவிட்டாய், தலைவலியும் போய்விட்டதாம். போகாமல் என்ன, உண்மை சொன்ன ஒரே ஆளைத் துரத்திவிட்டால் யாருக்குத் தலை வலிக்கும்?

வீட்டுக்கு வந்து அந்தக் குழுவைத் திறந்தேன். போன வருடம் கண்காட்சிக்காரர்கள் காரணம் சொல்லாமல் என் படங்களைத் திருப்பிவிட்டார்கள், இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் மறுபடி பன்னிரண்டு படம் அனுப்ப வேண்டும், தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதியது நீதானே? அதற்குக் கீழே நூற்று நாற்பது இதயக்குறி. பிரமாதம், கண்ணு பட்டுடும், த்தூ த்தூ என்று எழுதியவர்களின் பெயரைப் பார்த்தேன். அத்தையின் தையல் வகுப்புத் தோழிகள், அம்மாவின் சித்தி பெண்கள், நம் தெரு மருந்துக்கடைக்காரர். அத்தைதான் எல்லோரையும் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள். ஒருத்தருக்கும் கேமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன், சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில் பன்னிரண்டு படத்துக்கும் பார்க்காமலே வரிசையாக இதயக்குறியை அமுக்கியவன். அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

அந்த பல்கேரியாக்காரர் ராட்கோ திக்கித் திணறிக் கிரேக்க மொழியில் பதினோரு வரி எழுதியிருக்கிறார். நாலாவது படத்தில் கடல் சாய்ந்திருக்கிறது என்கிறார். அலுவலகப் பெரிய திரையில் கோடு போட்டு அளந்தேன், இடப்பக்கம் இரண்டு டிகிரி. என் நில அளவை வேலையில் இரண்டு டிகிரி பிசகினால் வேலி பக்கத்து வீட்டுக்காரன் தோட்டத்தில் போய் நிற்கும், எனக்கே கண்ணில் படவில்லை. அது ஒரு நிமிட வேலை, திருத்திவிடலாம். அடுத்து அவர் எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. துறைமுகத்தில் எல்லோருடைய முதுகையும் எடுத்திருக்கிறாய், ஆட்களைக் கண்டு பயப்படுகிறாய், ஏழாவதில் மட்டும் வலை தைக்கும் பெண் உன்னை நேராகப் பார்க்கிறாள், அங்கே இரண்டடி முன்னால் போயிருக்கிறாய், அந்த இரண்டடியை மற்றப் படங்களிலும் போ என்கிறார். இதுவா கண்ணேறு? பள்ளி வயதில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்ற பெண் நீ. உன்னைப் பெற்ற நான் அந்தப் படங்களில் அதைப் பார்க்கவில்லை, முகம் தெரியாத ஒருத்தர் பார்த்திருக்கிறார்.

நான் அவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன், மீதிப் படங்களையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பதில் உடனே வந்தது. “அப்பா கேட்டா சொல்ல மாட்டேன். பொண்ணு கேட்கட்டும், என்ன எடுக்க நினைச்சான்னும் சொல்லட்டும்.” சரியான ஆள். ஆகவே பிளாக்கை எடுத்துவிட்டு அவரிடம் நீயே கேள். எப்படி இருக்கிறது என்று மொட்டையாகக் கேட்காதே, மூன்று படம் போடு, எதற்காக அங்கே நின்றாய், எது கைகூடவில்லை என்று எழுது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ரோட்டர்டாமிலும் துறைமுகம் உண்டு, அங்குள்ள ஆட்களுக்கும் முகம் உண்டு. உன் வயதில் என் கையில் நீ இருந்தாய், எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதற்காக உன்னை முதுகுப்பக்கமாகவா தூக்கினேன்?

கோபத்தில் எழுதினாலும் என் ஆசி முழுதும் உனக்குத்தான், நினைத்தது நடக்கட்டும். கண்ணேறு படாமலிருக்க அத்தை நீலக்கண் மணி ஒன்று கொடுத்திருக்கிறாள், பார்சலில் வருகிறது, கேமரா வாரில் கட்டிக்கொள், லென்ஸுக்கு முன்னால் மட்டும் தொங்கவிடாதே. பதினோரு படத்திலிருந்து என் இதயக்குறியை எடுத்துவிட்டேன். ஏழாவதிலும் எடுத்தேன், ஆனால் அதை மட்டும் இப்போது உண்மையாகவே பார்த்துவிட்டு மறுபடி போட்டேன்.

உன் அப்பா,
ஸ்திராதிஸ்