சட்டைப்பையில் இருந்த மஞ்சள் சீட்டு

அன்புள்ள அண்ணே,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன், ஆனாலும் வரிகள் நம் கோத்தகிரி ரோடு மாதிரி ஏறி இறங்குகின்றன. 'ழ'வின் வாலை எங்கே நிறுத்துவது என்று இன்னும் பிடிபடவில்லை. நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கைக்குப் பேனா மிகவும் லேசாக இருக்கிறது. அழுத்திப் பிடித்ததில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. இவ்வளவு எழுத அரை மணி நேரம் ஆனது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், படிக்க வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன் அண்ணே. இந்தச் சந்தோஷத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் வெட்கத்தையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

இன்று காலை கடை திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வண்டி மேலேயிருந்து இறங்கியது. சைலன்சர் மாற்றிய பைக். நம் வளைவில் ஆக்சிலேட்டரை விட்டதும் பட், பட் என்று வெடித்துக்கொண்டே போனது. விளக்குமாறைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். நீங்கள் சொன்னது காதில் கேட்டது: "மூச்சு பெருசாயிருச்சு, சோறு பழைய அளவுதானுங்க. பசியில கத்துது பாருங்க."

தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் சும்மா இருந்த நேரம் அது. கார்புரேட்டர் வண்டிகள் குறைந்து, கம்ப்யூட்டரே பெட்ரோல் அளந்து பீய்ச்சும் வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன. கார்புரேட்டர் என்றால் ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பி, காதைக் கொடுத்தால் எனக்குப் போதும். இந்த வண்டிகளில் திருப்புவதற்கு ஒன்றுமே இல்லை. நான்தான் உங்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டேன். "நான் ட்ரையர் மோட்டாரு பார்த்தவனுங்க, எனக்கென்ன வண்டி தெரியும்" என்றீர்கள். மறுநாள் உங்கள் மகள் கொடுத்த பழைய லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள்.

எவ்வளவு நன்றாக வேலை செய்தோம். சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றினால் எஞ்சினுக்குக் காற்று அதிகம் போகும், ஆனால் கம்ப்யூட்டர் பழைய கணக்கிலேயே பெட்ரோல் விடும். அதைச் சரிக்கட்ட நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, ஆக்சிலேட்டர் கால் பங்கு முறுக்கினால் எவ்வளவு, அரைப் பங்குக்கு எவ்வளவு, முழுசாக முறுக்கினால் எவ்வளவு என்று லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். நீங்கள் மீட்டரைப் பார்ப்பீர்கள், நான் காதால் கேட்பேன். "பெட்ரோல் பத்தல, இன்னும் கொஞ்சம் வறட்சியா இருக்குண்ணே" என்பேன். "மீட்டரும் அதையேதானுங்க சொல்லுது. உங்க காதை வித்துட்டு ரெண்டு மீட்டரு வாங்கலாம் போங்க" என்பீர்கள். டீயை நான் தேத்தண்ணி என்று சொன்னால் மட்டும் விடமாட்டீர்கள். "இலங்கையை விட்டு வந்து அம்பது வருசமாச்சு, மேஸ்திரிக்கு இன்னும் தேத்தண்ணி நாக்கை விட்டு இறங்கலீங்களே" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அத்தனை நெருக்கத்திலும் ஒன்றை உங்களிடம் மறைத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. எட்டு வயதில் கப்பலேறி வந்தோம், முகாமிலும் தோட்டத்து லயத்து வீடுகளிலுமாக இடம் மாறியதில் பள்ளிக்கூடம் போகவில்லை. எண்கள் தெரியும். பேரைக் கையெழுத்தாக வரையத் தெரியும். யாராவது தாளை நீட்டினால், "கண்ணாடி வீட்டுல இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்பேன். நீங்களும் பலமுறை படித்துச் சொல்லியிருக்கிறீர்கள். கண் மங்கிய மனிதன் என்றுதான் என்னை நினைத்திருப்பீர்கள்.

பிக்கட்டி கேரட் தோட்டக்காரரின் வண்டி வந்ததை எப்படி மறப்பேன்? பாதி மலையைச் சுற்றி நம் கடைக்கு வந்தார். கோயமுத்தூரில் தங்கை மகள் கல்யாணத்துக்கு அந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். நாம் இரண்டு நாள் நம் அரவேணுவுக்கும் கோத்தகிரிக்குமாக ஓட்டி, கால் பங்கும் அரைப் பங்கும் பார்த்து முடித்தோம். முழுசாக முறுக்கிப் பார்க்க நம் ஊரில் ஏது நேர் ரோடு? முறுக்குவதற்குள் வளைவு வந்துவிடும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் ஒரு வண்டியைக் கொடுத்துவரக் கீழே போயிருந்தேன். மறுநாள் காலை உங்களுக்குக் கண் ஆஸ்பத்திரி. திரும்பி வந்து பார்த்தால் அந்த வண்டியின் டேங்க் மேல், ஃபேக்டரியில் ட்ரையர் சூடு குறிக்கும் மஞ்சள் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. உங்கள் எழுத்து. நான்கு வரி.

கடையில் யாரும் இல்லை. இருந்தும் நான் அந்தத் தாளைப் பிரித்து, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டி, தலையை ஆட்டிவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆள் இல்லாத இடத்திலும் படிப்பது போல் நடிக்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் ஊறியிருந்தது.

ஃபோன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால், "சீட்டு பார்க்கலீங்களா?" என்பீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் கேட்கவில்லை.

விடிந்ததும் தோட்டக்காரர் முதல் பஸ்ஸில் வந்து நின்றார். "முடிஞ்சுதுங்களா மேஸ்திரி?" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்து கேட்டேன். ஐடிலில் நிற்கும்போது சத்தம் சுத்தம். ஒரு சுற்று ஓட்டினேன், வெடிக்கவில்லை, திணறவில்லை. என் காதுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. "எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

மலை முழுக்க நன்றாக இறங்கியிருக்கிறார். மேட்டுப்பாளையம் தாண்டி நேர் ரோடு கிடைத்ததும் ஆசையாக முழுசாக முறுக்கியிருக்கிறார். அந்த அளவுக்கு நாம் பெட்ரோலே ஏற்றவில்லை. சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொண்டது, பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. காறை எலும்பு முறிந்து, கல்யாணத்துக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அன்று மதியம் ஒன்றும் தெரியாமல் நீங்கள் வர்க்கிப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தீர்கள். காலி இடத்தைப் பார்த்து, "வண்டி எங்கீங்க?" என்றீர்கள். கொடுத்துவிட்டேன் என்றேன். உங்கள் முகம் மாறியது. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் சுமோ ஒன்று வந்து நின்றது. தோட்டக்காரரின் அண்ணன் இறங்கினார். மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் இருப்பவர், நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்.

"யாருய்யா வண்டிய முடிஞ்சுதுன்னு குடுத்தது?"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "குடுக்க வேண்டாம்னு சீட்டு எழுதி வெச்சிருந்தனுங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊரே சிரிக்கும் என்று தோன்றியது. நான் சொன்னது இது: "சீட்டா? சீட்டு எதையும் நான் பார்க்கலியேண்ணே."

அப்போது அந்த மஞ்சள் தாளின் ஓரம் என் சட்டைப்பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் கண் ஒரு நொடி என் பையில் நின்று, பிறகு என் முகத்துக்கு வந்ததை நான் பார்த்தேன். தோட்டக்காரரின் அண்ணனிடம் திரும்பி, "எழுதோணும்னு நெனச்சனுங்க. மறந்துட்டனாட்ட இருக்குதுங்க. தப்பு என்மேலதான்" என்றீர்கள்.

"பல்பு மாத்தற ஆளுக்கு எஞ்சின்ல என்னய்யா வேலை?" என்றார் அவர். இன்னும் என்னென்னவோ சொன்னார். நீங்கள் வர்க்கிப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டீர்கள். நானும் நின்று கேட்டேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தனியே அழைத்து, "கரண்டுக்காரரைத் தொட விடாதீங்க மேஸ்திரி" என்பார்கள். நான் தலையாட்டினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். தலையாட்டினேன்.

நீங்கள் வராமல் நின்றுவிடுவீர்கள் என்று நினைத்தேன். மறுநாளே வந்தீர்கள், சட்டைப்பையில் மூன்று இன்சுலேஷன் டேப் சுருளோடு. "எனக்கு மறதி ஜாஸ்தியாயிருச்சுங்க. எழுதினா எங்க வெச்சேன்னே தெரியறதில்ல. இனி டேப்புதானுங்க. கிளட்ச் லீவர்ல சிவப்பு ஒட்டியிருந்தா வேலை முடியல, வண்டி வெளிய போகக்கூடாது. மஞ்சளா இருந்தா ஓட்டிப் பார்க்கோணும். பச்சைன்னா குடுத்துரலாம்." அன்றிலிருந்து நீங்கள் எனக்கு ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. வண்டிக் கம்பெனியிலிருந்து வரும் தாள்களை உங்களுக்கு நீங்களே படிப்பது போல உரக்கப் படிப்பீர்கள். "வாய்விட்டுப் படிச்சாத்தானுங்க எனக்கு மண்டையில ஏறுது" என்பீர்கள். சீட்டைப் பார்த்தும், எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குப் பிடிபடவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்காக வேலையின் முறையையே மாற்றினீர்கள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே நாளானது.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு பனிக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் சாவுக்குக் கூட்டம் குறைவு. வராதவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டைப் பழைய கார்புரேட்டர் ஜெட் போட்டு வைக்கும் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். அதில் வேறு ஏதோ எழுதியிருக்கலாம், தெளிவில்லாமல் எழுதியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? அதற்காகத்தான் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் ஏழு பேர், நான் ஒருத்தன். முதலில் படித்த சொல் பஸ் ஸ்டாப் போர்டில் இருந்த 'அரவேணு'. இத்தனை வருடம் அதன் கீழே நின்றிருக்கிறேன். இப்போது சோப்புக் கவர், பிஸ்கட் கவர், சுவரில் பாதி கிழிந்த நோட்டீஸ், எதையும் விடுவதில்லை. வகுப்பு டீச்சர், பேத்தி வயதுப் பிள்ளை, "தாத்தா, பரீட்சைக்கு இல்லாததை எல்லாம் ஏன் படிக்கிறீங்க?" என்று கேலி செய்கிறது.

போன மாதம் கடையைச் சாத்திக்கொண்டு உங்கள் சீட்டைப் படித்தேன். ஒரு மதியம் முழுக்க ஆனது. இப்படி இருந்தது:

'பாதி வரை சரி. முழுசாக முறுக்கினால் பெட்ரோல் பற்றாது. கீழே நேர் ரோட்டில் பார்க்கும் வரை வண்டியைக் கொடுக்க வேண்டாம். நாளை வரும்போது வர்க்கி வாங்கி வருகிறேன்.'

இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது. டப்பாவை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிறு பிக்கட்டிக்குப் போனேன். இரண்டு பஸ் மாறினேன். வழியில் ஒவ்வொரு ஊர்ப் போர்டையும் படித்துக்கொண்டே போனேன். கேத்தி, மஞ்சூர் என்று போர்டு வர வர வாய் முணுமுணுத்தது. அந்தப் பயணத்தில் எனக்குச் சந்தோஷம் வந்ததே ஒரு வெட்கம்தான். தோட்டக்காரர் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சீட்டை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். 'கொடுக்க வேண்டாம்' என்ற இடத்தில் திணறினேன். அவர் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

"என் சட்டைப்பையில."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவரு சாவுக்கு நான் வரலீங்க மேஸ்திரி. ரெண்டு பஸ் தூரம்தான், வேணும்னேதான் வரல" என்றார். இடது தோளைத் தடவிக்கொண்டார். "எனக்குப் படிச்சுக் காட்டுனா ஆச்சா? அத்தனை பேரு முன்னாடி அவரைப் பேசினது எங்கண்ணன். அடுத்த ஞாயிறு அவரை உங்க கடைக்கே கூட்டிட்டு வர்றேன். டீக்கடைக்காரங்க எல்லாம் இருக்கும்போது இதைப் படிங்க. நீங்களே படிக்கோணும்."

சரி என்றேன்.

அதனால் தினமும் கடைக்குப் பின்னால் நின்று அந்த நான்கு வரியை உரக்கப் படித்துப் பழகுகிறேன். நீங்கள் சொன்னது சரிதான், வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறுகிறது. அன்று எந்த இடத்தில் நின்று நீங்கள் பேச்சு வாங்கினீர்களோ, அதே இடத்தில் நின்று படிப்பேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

என்ன நடந்தது என்று ஞாயிறு கழிந்ததும் எழுதுகிறேன். அதுவரை இந்தக் கடிதம் உங்கள் சீட்டோடு அந்த டப்பாவிலேயே இருக்கும். உங்கள் டேப்பில் ஒரு துண்டு கிழித்து இதன் மேல் மூலையில் ஒட்டியிருக்கிறேன். சிவப்பு.