இங்கிலீஷ்ல சொல்லு

திருத்தணி
வியாழக்கிழமை

அன்பு மகள் அபிக்கு,

நைனா எழுதறேன். இங்க நானும் அம்மாவும் இருக்கோம், அங்க நீ நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தணிகை முருகனைக் கும்பிட்டுகினு ஆரம்பிக்கறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்ல, தைலத்தைத் தேய்ச்சுகினு ஓட்டறா. இதைப் போன்ல சொல்ல வாய் வரலை, அதான் கடிதம்.

நான் பாடம் எடுக்கற மூணாங்கிளாஸ்ல தேவயானின்னு ஒரு பொண்ணு. அப்பா பரந்தாமன், நகரி பக்கத்துலேர்ந்து அம்மையார்குப்பத்துக்குத் தறி ஓட்ட வந்தவர், வீட்டுல தெலுங்குதான். ஜூன்ல எங்க பள்ளிக்கூடத்துல மூணு நாள் ட்ரெயினிங் குடுத்தாங்க. கிளாஸ்ல இங்கிலீஷ் தவிர எதுவும் காதுல விழக்கூடாது, வீட்டு பாஷை நுழைஞ்சா புது பாஷை ஒட்டாது, பிள்ளை எதைக் கேட்டாலும் இங்கிலீஷ்ல கேட்டாதான் குடுக்கணும்னாங்க. மொழி கற்பிக்கறதையே மேல்படிப்பா படிக்கறவ நீ, அப்பவே சொன்ன, தெரிஞ்ச பாஷையில கால் ஊணிதான் நைனா தெரியாத பாஷைக்குத் தாண்டணும்னு. உனக்கு இந்தப் பிள்ளைங்களைப் பத்தித் தெரியாதுன்னு வாயை அடைச்சிட்டேன்.

போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை காலையில அந்தப் பொண்ணு வயித்தைப் புடிச்சிகினு வந்து, சார், கடுபு நொப்பின்னுச்சு. வயித்து வலின்னு எனக்குப் புரியாதா அபி, நாமளே பாதி தெலுங்கு பேசற ஜனம். இருந்தும் இங்கிலீஷ்ல சொல்லுன்னேன். முழிச்சுது, போய் உக்காந்துச்சு, அப்புறம் கேக்கவே இல்ல. சாயங்காலம் வேன்லயே சுருண்டுடுச்சு. குடல்வால் வெடிச்சு சீழ் பரவிடுச்சு, மதியமே கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்களாம் டாக்டர். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து, உசுரு போயிடுச்சு.

காரியம் முடிஞ்சதும் அம்மையார்குப்பம் போயி, அவ சொன்னா, எனக்குப் புரிஞ்சுது, நான்தான் திருப்பி அனுப்பினேன்னு பரந்தாமன் கிட்ட தெலுங்கிலேயே சொன்னேன். அடிப்பார்னு நெனச்சேன். அவரு தறியை நிறுத்திட்டு, பெத்தவங்க கூட்டத்துல நீங்க சொன்னதால வீட்டுலயும் தெலுங்கைக் கொறைச்சுகினோம் சார், எங்களுக்கு வேற பாஷை வராது, அதனால அவகிட்ட பேசறதே கொறைஞ்சு போச்சுன்னார். அவ்ளோதான் சொன்னார். எப்படி பஸ் ஏறினேன்னு தெரியல.

மறுநாளே கிளாஸ்ல, வாய்க்கு வந்த பாஷையில பேசுங்கன்னுட்டேன். நிர்வாகம் விளக்கம் கேட்டு மெமோ குடுத்திருக்கு, குடுக்கட்டும். ஆனா நேத்து வள்ளிநாயகிங்கற பொண்ணு மூக்குல ரத்தம் வழிய நின்னுகினு, இதை இங்கிலீஷ்ல எப்படி சொல்றதுன்னு பக்கத்துப் பொண்ணைக் கேட்டுகினு இருந்துச்சு. நான் எதிர்லதான் நின்னேன்.

நீயும் ஒருநாள் கிளாஸ்ல நிப்ப. எந்த முறையில வேணா சொல்லிக்குடு, முதல்ல பிள்ளை முகத்தைப் பாரு. அங்க குளிர் வந்திருக்கும், ஈரத் தலையோட வெளிய போகாத. அம்மாவுக்குப் போன் பண்ணு, இது எதையும் அவகிட்ட கேக்காத. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உன் நைனா
சந்திரமோகன்