பிள்ளைக்குத் தேய்க்காத எண்ணெய்

பூதலூர்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள லின்சிக்கு,

மாதா உன்னை மஸ்கட்டில் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் அருள்மேரி அக்காவும் ஆல்பினும் சுகம். கல்லணைத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. நாற்று விட்டாயிற்று.

ஆல்பின் சுகம் என்று எழுதினேனே, அது பொய். நேற்று போனில் நீ, "அவன் நல்லா தூங்குறான்னு நீங்க சொன்ன தைரியத்துலதான் அடுத்த மாசம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போறேன்" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். போன் பூத்தில் ஆட்கள் நின்றார்கள்.

நீ போனதிலிருந்து பிள்ளை தூங்குவதே இல்லை, லின்சி. அழுது அழுது தொண்டை கட்டிப்போகிறது. சென்னை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு வந்து, தேங்காயெண்ணெயில் லாவண்டர் பூ எண்ணெய் சொட்டு விட்டு, சாயங்காலமானால் உள்ளங்காலிலிருந்து தேய்த்துவிடுவாயே, அதைத்தானே என்னையும் தினமும் செய்யச் சொல்லிவிட்டுப் போனாய். "தேய்க்கிறேன், தூங்குறான்" என்று நானும் ஒவ்வொரு போனிலும் அளந்துகொண்டிருந்தேன். தேய்த்தது ஒரே ஒரு நாள். மறுநாள் டீக்கடையில் சாரங்கபாணி என் கையை மோந்து பார்த்து, "என்னடா வாசனை இது? பொண்டாட்டி சம்பாதிக்கப் போயிட்டா, நீ புள்ளைக்கு எண்ணெ தேய்ச்சுக்கிட்டு இருக்கியா?" என்றான். கடையே சிரித்தது. வந்த கோபத்தில் பாட்டிலை உன் புடவைகளுக்கு அடியில் போட்டுவிட்டேன். பிள்ளையின் தூக்கத்தைவிட என் மீசை எனக்குப் பெரிதாகிவிட்டது. சீ, நானும் ஒரு அப்பன்!

நேற்று பூத்திலிருந்து வந்ததும் அந்தப் பாட்டிலை எடுத்தேன். அக்கா பார்க்கப் பார்க்க உட்கார்ந்து, நீ சொன்ன மாதிரியே கலந்து, அவன் காலில் தடவினேன். அழுகை சட்டென்று நின்றது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி வாசல் பக்கம் தேடினான். அந்த வாசனை வந்தால் நீயும் வருவாய் என்று நினைத்துவிட்டான் போல. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி அழுது, என் மடியிலேயே அசந்து தூங்கினான். நானும் அழுதேன். அக்கா பார்த்தால் பார்க்கட்டும்.

இனி எவன் சிரித்தாலும் தினமும் தேய்ப்பேன், சத்தியம். கையெழுத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன், நீயே யோசித்துச் செய். ஆண்டவர் உனக்குத் துணையிருப்பார். என்ன முடிவெடுத்தாலும் சரி, ஒரு தடவை லீவு போட்டு வந்து, அவன் திரும்பிப் பார்க்கும்போது அந்த வாசலில் நில்லு.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்,
அருள்சாமி