அமுதாவின் கம்ப்யூட்டரில் சத்தம் நின்றது

என் மச்சான் தேசிங்குக்கு,

நீ போன இடத்தில் கரண்ட் இருக்கிறதோ இல்லையோ, உன் வீட்டில் இருக்கிறது. என் தங்கச்சிக்கென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தாயே, அது இன்னும் ஓடுகிறது. கோட்டைக்குப்பத்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் போடவேண்டுமானாலும் அமுதாவிடம்தான் வருகிறார்கள். நீ இல்லாமல் அவள் சாப்பிடுவது அந்தப் பெட்டியை நம்பித்தான்.

நீ போன கொஞ்ச நாளில் அதன் பவர் சப்ளை ஃபேன் கர்கர் என்று இரைய ஆரம்பித்தது. வருகிறவர்கள் பேரையும் விலாசத்தையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. படகு மோட்டாரையே பிரித்து மாட்டுகிற கைக்கு உள்ளங்கை அளவு ஃபேன் எம்மாத்திரம்? மூடியைத் திறந்து, படகுக்கு வைத்திருந்த கிரீஸை எடுத்து அப்பிவிட்டேன். சிரிக்காதே. முதலில் அடங்கத்தான் செய்தது. பிறகு தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்து கிரீஸ் களியாகி, முன்னைவிட மோசமாகக் கத்தியது.

பொன்னேரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னாண்ணா, படகுக்குப் போடறத இதுல போட்டு வச்சிக்கிற?" என்றான். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், நான் தப்பித்ததே பெரிய விஷயம் என்றும் திட்டினான். அந்த ஃபேன் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், நின்றால் சூட்டில் பவர் சப்ளையே போய்விடும் என்று சொல்லி, புது ஃபேன் மாட்டிக் கொடுத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். சத்தமே இல்லை. எனக்கு ஒரே பெருமை. டைப் அடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து வாசலுக்கு ஓடினாள். படகுகள் வருகிற ஏரிப் பக்கம் பார்த்தபடி நின்றாள். திரும்பி வந்து, பழைய ஃபேனையே மாட்டிவிடச் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை மச்சான். கோபம்கூட வந்தது. இவ்வளவு அலைந்ததெல்லாம் எதற்கு என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் சொன்னாள், இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை.

"அன்னிக்கு அவரு மோட்டார் சத்தம் கேட்டுச்சுண்ணா. அப்பால நின்னுட்ச்சி. ஆஃப் பண்ணிட்டு வராருனு சோறு போட்டு வச்சேன்."

கரைக்கு முன்னாலேயே மோட்டாரை நிறுத்திவிட்டுக் கோல் ஊன்றி வருவதுதானே நம் எல்லோர் வழக்கமும்? சத்தம் நின்றால் ஆள் வந்துவிட்டான் என்றுதானே நம் பெண்கள் தட்டில் சோறு போடுகிறார்கள்? ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் உன் மோட்டார் தானாக நின்றதும், அலை படகைக் கவிழ்த்ததும் வீட்டுக்குள் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் வந்து சொன்னபோது தட்டில் சோறு இருந்ததை நானும் பார்த்தேன். யாருக்கென்று கேட்கத் தோன்றவில்லை. அவளும் அந்தத் தட்டை மனசிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதனால்தான் பெட்டியின் இரைச்சல் நின்றதும் வாசலுக்கு ஓடியிருக்கிறாள்.

பழைய ஃபேனை மாட்டினால் கம்ப்யூட்டர் போய்விடும். புதியதை ஓடவிட்டால் இவள் நொடிக்கொரு தரம் வாசலுக்கு ஓடுவாள். நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்? நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே அவள் பெட்டியின் பின்பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பினாள். அறுந்த வலையிலிருந்து நூல் துண்டு ஒன்றை எடுத்து ஃபேனை மூடியிருக்கும் கம்பியில் கட்டினாள். நூல் ஆடினால் ஃபேன் ஓடுகிறது என்று அர்த்தமாம். இப்போது டைப் அடித்துக்கொண்டே அதைப் பார்க்கிறாள். வாசலுக்கு ஓடுவது குறைந்திருக்கிறது.

இது சரியாகிவிட்டதா, இல்லை ஆறிவந்த புண்ணை நான்தான் கிளறிவிட்டேனா? எனக்குத் தெரியவில்லை. உன்மேல்கூடக் கோபம் வருகிறது. நீ இருந்திருந்தால் ஒரு கிண்டல் பேச்சில் அவளைத் தேற்றியிருப்பாய். எனக்கு அது வராது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் படகும் அவள் வீட்டுப் பக்கத்தில்தான் கரை சேருகிறது. இனிமேல் மோட்டாரை நிறுத்துவதற்கு முன்னால், "அமுதா, அண்ணன் ஆஃப் பண்றேன்" என்று உரக்கக் கத்துவேன். அவள் வாசலில் வந்து தலையாட்டிய பிறகுதான் நிறுத்துவேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் மச்சான்.

உன் மச்சான்,
அமுதாவின் அண்ணன் ஏழுமலை