பின்வாசலுக்கு ஒரு காவலாளி

ஜெனரல் சாந்தோஸ் நகரம்
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் லுஸ்மிந்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தம்பி அர்னெல், அவன் மனைவி எல்லோரும் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். பெர்கன் குளிரில் நீயும் அப்படியே இருக்கக் குழந்தை இயேசுவை வேண்டிக்கொள்கிறேன். மூச்சைப் பற்றி முதலில் எழுதக் காரணம் உண்டு. எங்கள் சூரைமீன் கிடங்கில் அமோனியா கசிந்ததை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். உன் அப்பா போனில் பாதிதான் சொன்னார், அதிலும் பாதி தப்பு. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் அங்கே பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். மழைக்காலத்துக்கு முன்னால் மேலாளர் கிம்போ கூப்பிட்டு, சூரைத் தாடைகள் காணாமல் போய்க்கொண்டே இருக்கின்றன, வளாகம் முழுவதற்கும் புதிதாக ஒரு காவல் திட்டம் போட்டுக் கொடுங்கள் என்றார். சுட்ட தாடைக்கு மயங்காத ஆள் இந்த ஊரில் இல்லை, ஆகவே சந்தேகம் ஊர் முழுவதன் மேலும் இருந்தது. காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சிக்காரர் வந்து, முன்வாசலில் நல்ல உயரமான ஆட்களாகத் துப்பாக்கியோடு நிறுத்தினால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார். மேலாளருக்கு அது பிடித்துப்போயிற்று. பின்வாசலை வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்றும் சொன்னார். நான் வேலியை ஒட்டியே ஒரு சுற்று நடந்து பார்த்தேன். மீனை உறைய வைக்கும் அமோனியா இயந்திர அறை முன்வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குப் பின்வாசலை விட்டால் வேறு வழி இல்லை. அதைத் திறந்து போட்டால் மீன் போய்விடும், அடைத்துவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். கையில் சாவியோடு அங்கே ஒரு காவலாளி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "யாருமே வராத வாசலுக்கு எதுக்கு மேடம் ஒரு ஆளு?" என்று மேலாளர் கேட்டார். "வர்றதுக்கு இல்ல சார், போறதுக்கு" என்றேன். முன்வாசலில் உயரமான ஆள் ஒருவரைக் குறைத்துக்கொண்டு மனசில்லாமல் சம்மதித்தார்.

ஏஜென்சி அனுப்பியது டியோனிசியா என்ற பெண்ணை. குள்ளம், முன்வாசலில் நிறுத்த முடியாது, அதனால் பின்னால் போட்டார்கள். பகல் முழுக்க அவளுக்குத் துணை வேலிக்கு வெளியே மேயும் ஆடுகள்தான். ஆபத்துச் சங்கு ஊதினால் கதவைத் திற, மீன் சோதனை என்று யாரையும் தடவிப் பார்க்காதே, வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே விடாதே, அது யாராக இருந்தாலும் சரி என்று சொல்லிக் கொடுத்தேன். தலையை ஆட்டினாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. புரிந்ததோ இல்லையோ என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகவே இருந்தது.

போன செவ்வாய் காலை வேலை நடந்துகொண்டிருக்கும்போது சங்கு ஊதியது. டியோனி கதவைத் திறந்துவிட்டாள். மீன் வெட்டுகிறவர்கள் ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக, முகத்தில் ஈரத்துணியைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மேலாளரும் கைக்குட்டையோடு அந்த வழியாகத்தான் வந்தார், வாசலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர்களோடு மீன் வெட்டும் நம் அர்னெலை மட்டும் காணோம். கூட வேலை பார்க்கும் கேர்லி மயங்கி விழுந்துவிட்டாள், தூக்கி வரத் திரும்பிப் போய்விட்டான் என்று அவனோடு வெட்டுகிற ஒருத்தி சொன்னாள். நான் வாசலைப் பார்த்து ஓடினேன். டியோனி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"உள்ள போக முடியாது மேடம்."

"என் பையன் உள்ள இருக்கான்டி."

"தெரியும் மேடம். தீயணைப்புக்காரங்க வரட்டும்."

அவளை நான் திட்டியதை உனக்கு எழுத முடியாது. இத்தனை வருஷம் போலீஸில் இருந்து கற்றுக்கொண்டதெல்லாம் வாயில் வந்தது. பிடித்துத் தள்ளினேன். கதவின் தாழ்ப்பாளில் மோதி விழுந்தாள். எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். நான் மறுபடியும் திட்டிக்கொண்டிருக்கும்போதே அர்னெல் கேர்லியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தள்ளாடி வந்து சேர்ந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை அவனால். டியோனி பிடித்து வெளியே இழுத்தபோது, பழக்கதோஷம், தினமும் வெளியே போகும்போது நடக்கும் சோதனைக்கு நிற்பதுபோல் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

கண்ணைக் கழுவி மருந்து விட்டார்கள், பார்வைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருமல் மட்டும் இருக்கிறது. கேர்லியும் ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் மேலாளர் எல்லோரையும் உட்காரவைத்து, திட்டத்தை யாராவது மீறினீர்களா என்று கேட்டார். டியோனி எழுந்து, "மேடம்தான் சார். உள்ள போகப் பார்த்தாங்க. தடுத்ததுக்கு என்னைத் தள்ளிவிட்டாங்க" என்றாள். மேலாளர் என்னைப் பார்த்தார். ஆமாம் சார் என்றேன். அதற்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியவில்லை, என்னிடமே கேட்டார். ஒரு வாரம் வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று எழுதி வைத்தவளே நான்தான், அதையே சொன்னேன். இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத நேரம் கிடைத்தது அப்படித்தான். அந்தப் பெண்ணுக்கு நன்றி இல்லை என்று உன் அப்பா குதிக்கிறார். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நானே அவளை மாற்றச் சொல்லியிருப்பேன் என்றேன். அவர் பன்றிகளுக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

அர்னெல் நாலைந்து நாள் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டுவிடுவானோ என்று அவன் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டேன். நேற்று சாப்பிடும்போது அவனாகவே சொன்னான். "உள்ள ஒண்ணுமே தெரியலம்மா. எந்தப் பக்கம் வாசல்னே புரியல. நீங்க யாரையோ திட்டுற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கமா நடந்தேன்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. சாயங்காலம் டியோனி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தோளில் பெரிய கன்றல். பரவாயில்லை மேடம் என்று காப்பி கொடுத்தாள். அர்னெலுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஞானத்தாயாக இருக்கச் சொன்னேன். ஞானஸ்நானத்தன்று ஷிஃப்ட் இல்லை என்றால் வருகிறேன் என்றாள்.

தம்பியைக் கூப்பிட்டுப் பேசு, இருமலைப் பற்றி மட்டும் கேட்காதே, கோபம் வருகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும், தேவமாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
புதன்கிழமை வரை வீட்டில் இருக்கும் உன் அம்மா,
ரொசெண்டா