ஆற்றோடு போன அப்பா எழுதுவது

விக்கிரமசிங்கபுரம்

அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அம்மா நலம். நானும் நலம். இரண்டாவதை இன்னொரு முறை படித்துக்கொள், ஏனென்றால் மும்பையில் நீ சொல்லி வைத்திருப்பது வேறு. போனில் கேட்டால் "மீட்டிங்கில இருக்கேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது என் சைக்கிளை உன் கலைக் கண்காட்சிக்கு வேண்டும் என்று வாங்கிப்போனாய். மில்லுக்கு ஓட்டிய வண்டியை நாலு பேர் பார்க்கட்டும் என்று நானும் கொடுத்தேன். போன வாரம், மில்லில் என்னோடு வேலை பார்த்த தானியேல் தன் போனில் படத்தைக் காட்டினான். வண்டி தலைகீழாகத் தொங்குகிறது. சக்கரம் முழுக்க நூல். அதுகூடப் போகட்டும். அடியில் இங்கிலீஷில் இருந்ததை அவன் வாசித்துச் சொன்னான்: பாபநாசம் ஆற்றில் மூழ்கி இறந்த என் தந்தையின் சைக்கிள். "என்னவே கொம்பையா, ஒம்ம அடக்கத்துக்கு எனக்கு ஒரு சொல்லு சொல்லலியே" என்று சிரிக்கிறான். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவனடா நான்.

தானியேலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ அனுப்பியதைப் பார்த்துவிட்டு, சீவலப்பேரியிலிருந்து உன் செல்வமணி சித்தி பஸ் பிடித்து வந்துவிட்டாள். வாசலிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு, "எங்க அத்தான ஆத்துக்கு வாரிக்குடுத்துட்டியே யக்கா" என்று கதறுகிறாள். நான் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பின்னால் நிற்கிறேன். திரும்பிப் பார்த்தவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

அம்மாவிடம் மட்டும் விளக்கம் சொன்னாயாமே, "அது கலைம்மா, நெசம்னு யாரு நெனைக்கப் போறா" என்று. செல்வமணி நினைத்தாளே! அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் டிவி பார்க்கிறார் என்று எழுதினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்களாம். நான் உயிரோடிருப்பது உன் தொழிலுக்கு அவ்வளவு இடைஞ்சலா?

நேற்று சென்னையிலிருந்து ஸ்வீட்லின் என்று ஒரு பத்திரிகைக்காரப் பெண் பேசினாள். உன் கல்லூரியில் நம் நம்பரை வாங்கினாளாம். இறந்துபோன அப்பாவைப் பற்றி எழுத வேண்டும், வீட்டில் யார் பேசுவது என்றாள். எல்லாவற்றையும் போட்டு உடைக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அத்தனை வருஷம் மும்பையில் நீ அடுத்தவர்கள் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாய். இப்போதுதான் ஒரு சுவரில் உன் பெயரை எழுதியிருக்கிறார்கள். "நான் அவன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று அவள் கேட்க, என்னைப் பற்றி நானே 'இருந்தார், செய்தார்' என்று பேச வேண்டியதாயிற்று. முன்கோபக்காரர் என்றேன். மகன் சின்ன வயதில் வரைந்ததையெல்லாம் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போய் மில்லில் எல்லோருக்கும் காட்டுவார் என்றேன். அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். பேப்பரில் வந்தால் படித்துப் பார். அந்த இடத்தில் பொய் எதுவும் இல்லை.

கண்காட்சி முடிவதற்குள் பார்த்தாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். டிக்கெட் எடுத்துவிட்டேன். நான் உள்ளே வரமாட்டேன், எதிரே டீக்கடை இருந்தால் அங்கே நின்றுகொள்கிறேன். ஆனால் அம்மா பூவும் குங்குமமுமாகத்தான் வருவாள். உன் கண்காட்சிக்காக அதை அழிக்கச் சொல்ல என்னால் ஆகாது. யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று நீயே யோசித்து வை. அடுத்து என்ன செய்தாலும், அவளை மட்டும் எதிலும் சாகடித்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கொம்பையா